1200 வாட்ஸா, 2000 வாட்ஸா? ஒரு தூசி வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். என்னிடம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பெல் அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான். டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. திருச்சுழிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது வெளியூரில் நல்ல வேலை, கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? ஒரு சந்தேகம். ஊர்ல அம்மாவுக்கு வேக்குவம் கிளீனர் வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். 1200 வாட்ஸ் ஒண்ணு இருக்கு, 2000 வாட்ஸ் ஒண்ணு இருக்கு. காசு பெருசில்ல டீச்சர். பவர் கூட இருந்தா நல்லாத்தானே இழுக்கும்?"

அவன் அம்மாவை எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் நூற்பாலையில் வேலை பார்த்தவர். காலையில் வீடு பெருக்கினால் அரை மணி நேரம் உட்கார்ந்து இருமுகிறாராம். அதனால்தான் மகன் மிஷின் தேடுகிறான்.

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்று போனை வைத்துவிட்டேன். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கணக்குக்கு ஒருமுறை நானே தப்பான விடை எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

என் அப்பா நூற்பாலையில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். பஞ்சைச் சீவி, தூசு துரும்பை எடுத்து, வடம் மாதிரி ஆக்கும் இடம் அது. வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. ரிட்டயர் ஆன பிறகும் இருமல் நிற்கவில்லை. தரையில் விளக்குமாறு பட்டாலே போதும், எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

1994ல் ஈட்டிய விடுப்பை சரண்டர் செய்த பணம் கைக்கு வந்தது. மதுரைக்குப் போய் ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கினேன். கடையில் இரண்டு இருந்தன. நான் 1000 வாட் உள்ளதைத்தான் எடுத்தேன். கடைக்காரர் குழாய் முனையை ஒரு கனமான இரும்புக் குண்டின் மேல் வைத்துத் தூக்கிக் காட்டினார். அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஓட்டினேன். சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எங்கள் சிமெண்டுத் தரையில் தூசி அப்படியேதான் கிடந்தது. மணல் பொடி மட்டும் மூலைக்கு நகர்ந்திருந்தது. அதைவிட மோசம், அறை முழுக்க மெல்லிய புகை மாதிரி தூசி நின்றது. அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "தாயி, கார்டிங்ல நிக்கிற மாதிரி இருக்கு. அமத்திரு" என்றார்.

அமர்த்திவிட்டேன். அந்தப் பெட்டி பரணுக்குப் போனது. 1999ல் அப்பா போன பிறகு, அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் 1000 வாட்டும் எங்கே போனது என்ற கேள்வி மட்டும் மனதில் நின்றது. அதற்காகப் படிக்கப் போய்த்தான் கீழே வரும் கதையெல்லாம் தெரிந்தது.

முதலில் லண்டனுக்குப் போவோம். 1901ஆம் வருடம். அப்போதும் தூசி எடுக்கும் இயந்திரம் இருந்தது, ஆனால் அது ஊதும் இயந்திரம். காற்றை வேகமாக அடித்துத் தூசியைக் கிளப்பும். கிளம்பிய தூசி வேறு இடத்தில் போய் உட்காரும். அப்படி ஒன்றை ஓட்டிக் காட்டியதை ஹூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர் பார்த்தார். பாலங்களும் பெரிய ராட்டினங்களும் வடிவமைத்தவர் அவர். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஓர் உணவு விடுதி நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தொண்டை அடைத்து இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசி அப்பியிருந்தது. துணி வடிகட்டியது, காற்று போய்விட்டது. வேக்குவம் கிளீனரின் தத்துவம் முழுவதும் அந்தக் கைக்குட்டையில் இருக்கிறது.

அந்த வருடமே காப்புரிமை பெற்றார். அவர் செய்த இயந்திரம் வீட்டுக்குள் வராது. குதிரை பூட்டிய வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் பம்பும் தெருவில் நிற்கும், நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே போகும். 1902ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை இதுதான் சுத்தம் செய்தது. குழாயின் முனையில் தூரிகை எதுவும் கிடையாது. வெறும் உறிஞ்சல்தான். வண்டி நிறைய பலம், முனையில் ஒரு துளை. அவ்வளவுதான்.

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் காண்டன் நகரில். அங்கே ஒரு பெரிய கடையில் பெருக்குகிற வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசியில் மூச்சு முட்டும். வேலையை விடவும் வழியில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் தொடர்ந்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு துடைப்பக் கம்பு, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை. இவற்றைச் சேர்த்து ஒன்று கட்டினார். பூத்தின் வண்டி இன்ஜினோடு ஒப்பிட்டால் அந்த மோட்டார் ஒரு பொம்மை. ஆனால் முனையில் அவர் ஒன்றைச் சேர்த்திருந்தார். மோட்டாரோடு இணைந்து சுழலும் ஒரு தூரிகை. தூரிகை கம்பளத்திலிருந்து தூசியைத் தட்டி எழுப்பும், எழும்பிய தூசியைச் சின்னக் காற்றே இழுத்துக்கொள்ளும். 1908 ஜூன் 2ல் காப்புரிமை கிடைத்தது. பெரிதாகச் செய்து விற்க அவரிடம் பணம் இல்லை. சூசன் ஹூவர் என்ற பெண்மணி இதை வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணம் போன்ற தோல் சாமான்கள் செய்தவர். மோட்டார் கார் வந்து குதிரை குறைந்த காலம். அவர் காப்புரிமையை வாங்கி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு 1926ல் அந்தக் கம்பெனி தூரிகை உருளையில் தட்டும் கட்டையையும் சேர்த்தது. பெரிய பம்பிலிருந்து ஆரம்பித்த சாமான், முனையில் நடக்கும் வேலையால் வீட்டுக்குள் வந்தது என்று சொல்லலாம்.

இனி கொஞ்சம் அறிவியல். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புப் பாடம்தான்.

ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. பக்கத்தில் போய் உறிஞ்சினாலும் சுடர் லேசாக ஆடும், அவ்வளவுதான். ஊதும் காற்று ஒரே திசையில் கம்பு மாதிரி போகிறது. உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வாய்க்கு வருகிறது, அதனால் கொஞ்சம் தள்ளிப் போனாலே வேகம் இல்லை. தொழிற்சாலைக் காற்றோட்டம் அமைக்கும் இன்ஜினியர்களுக்கு இது பால பாடம். உறிஞ்சும் குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனால், வாயில் இருந்த வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஊதும் குழாயில் அதே அளவு குறைய முப்பது மடங்கு தூரம் போக வேண்டும்.

அப்படியென்றால் குழாயின் வாய் தரைக்கு ஒரு சுண்டுவிரல் உயரத்தில் நின்றால் என்ன ஆகும்? காற்றெல்லாம் பக்கவாட்டில் சும்மா வந்து போகும், தரையில் இருக்கும் தூசி அசையாது. சரி, ஒரேயடியாகத் தரையோடு ஒட்டி வைத்தால்? அதுவும் தப்பு. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை. ஓடாத காற்று தூசியைத் தூக்காது. கடைக்காரர் இரும்புக் குண்டு தூக்கிக் காட்டினாரே, அப்போது குழாயில் காற்றே ஓடவில்லை. பிடிப்பு இருந்தது, ஓட்டம் இல்லை. தூசி வாருவதற்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. மிஷின் ஓடும்போது குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். சத்தம் கீச்சென்று ஏறும். பாவம், மோட்டார் அதிகமாக உழைக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அப்போது மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கிறது. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறி சும்மா வேகமாகச் சுற்றுகிறது. சத்தத்தை வைத்து வேலையை அளக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

வாட்ஸுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் 1200, 2000 எல்லாம் மிஷின் மின்கம்பியிலிருந்து தின்னும் அளவு. தின்றதில் எவ்வளவு காற்றின் வேலையாக வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. அதை அழுத்தம் பெருக்கல் காற்றின் ஓட்டம் என்று போடுவார்கள். உதாரணத்துக்கு, முனையில் 8000 பாஸ்கல் இழுப்போடு விநாடிக்கு 25 லிட்டர் காற்று ஓடினால் அது 200 வாட் வேலை. இதற்கு மிஷின் 1000 வாட் தின்றிருக்கலாம். மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். அதே குழாய், அதே முனையை வைத்துக்கொண்டு விசிறிக்குப் போகும் பலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் காற்றோட்டம் இரண்டு மடங்கு ஆகாது. ஏறக்குறைய கால் பங்குதான் கூடும். காற்றை வேகப்படுத்த ஆகும் பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. என் மாணவன் கேட்ட கணக்கில் 1200க்கும் 2000க்கும் உள்ள வித்தியாசம், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், காற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். முனை சரியில்லை என்றால் அந்த ஐந்தில் ஒரு பங்கும் பக்கவாட்டில் ஓடிப்போகும். போதாக்குறைக்கு நம் ஊரில் கோடை காலத்து ராத்திரி வோல்டேஜ் இறங்கினால் அந்த வாட்ஸும் கூடவே இறங்கும்.

இதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத விஷயமா? வாசலுக்கு ஈர்க்கு விளக்குமாறு, வீட்டுக்குள் பூ விளக்குமாறு. வாசல் விளக்குமாற்றை உள்ளே போட்டால் கோடு கோடாகத் தூசி நிற்கும். பூ விளக்குமாற்றை வாசலில் போட்டால் கருவேல முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் நகராது. இரண்டையும் பிடிப்பது ஒரே கைதான். வேலையைத் தீர்மானிப்பது நுனி. வேக்குவம் கிளீனரின் தரை முனையும் அப்படித்தான்.

தரை முனைகளைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண மிஷினோடு வருவது மிதிக்கட்டை வைத்த முனை. ஒரு பக்கம் மிதித்தால் தூரிகை மயிர் கீழே இறங்கும், மறுபக்கம் மிதித்தால் மேலே ஏறும். இறங்கியிருந்தால் டைல்ஸ், மொசைக், சிமெண்டு, கடப்பா கல் போன்ற கெட்டித் தரைக்கு. மயிர் தரையை வருடி ஒட்டிய பொடியைக் கிளப்பும், அதே சமயம் காற்று வரச் சின்ன இடைவெளியும் விடும். ஏறியிருந்தால் கம்பளத்துக்கு. தட்டையான அடிப்பாகம் கம்பளத்தின் மேல் படிந்து, காற்று நூலுக்குள் புகுந்து வரும்படி செய்யும். சுழலும் உருளை உள்ள முனை கம்பளத்துக்கும் நாய் பூனை வளர்க்கும் வீட்டுக்கும் நல்லது. அதில் சிலது உறிஞ்சும் காற்றிலேயே சுற்றும், சிலதுக்குத் தனி மோட்டார் உண்டு. நம் பக்கம் ஒரு தொந்தரவு, தலைமுடியும் பஞ்சு நூலும் அந்த உருளையில் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். மெத்தைக்குத் தனியாகச் சின்ன முனை, டைல்ஸ் இடுக்குக்கும் மூலைக்கும் சப்பட்டை முனை.

இப்போது லண்டனையும் ஒஹாயோவையும் விட்டு அருப்புக்கோட்டைக்கு வருவோம். தறிக்கும் நூலுக்கும் பெயர் போன ஊர். சுற்றிலும் கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி. வேக்குவம் கிளீனர் நம் வீடுகளுக்குள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அதன் பெரியண்ணன் நூற்பாலைகளுக்குள் வந்துவிட்டான். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மில்லுக்குள் சுத்தம் என்றால் மிஷின் மேல் படிந்த பஞ்சைத் துணியால் அடிப்பது, காற்றுக் குழாயால் ஊதுவது, தரையைப் பெருக்குவது. லண்டனில் பூத் பார்த்த அதே ஊதும் வித்தை. ஒரு மிஷின் சுத்தமாகும், பக்கத்து மிஷினும் பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சும் அழுக்காகும். பிறகு நூற்பு இயந்திரத்தில் நியூமாபில் வந்தது. நூல் அறுந்தால், பஞ்சு காற்றில் பறப்பதற்கு முன்பே, உருளைக்குக் கீழே ஒட்டினாற்போல் இருக்கும் சின்னக் குழாய் அதை இழுத்துக்கொள்ளும். மிஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் ஓவர்ஹெட் கிளீனரும் வந்தது. அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரிக் குழாய்கள் தொங்கும். சில குழாய்கள் மிஷின் மேல் ஊதும், சில குழாய்கள் தரை வரை இறங்கி விழுந்த பஞ்சை உறிஞ்சிக்கொண்டே போகும். அந்தக் குழாயின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதுதான் முக்கியம். அடி கிழிந்து உயரம் கூடிவிட்டால், மேலே மோட்டார் எவ்வளவு பெரிதாக ஓடினாலும் கீழே பஞ்சு உருண்டுகொண்டேதான் இருக்கும். மெழுகுவத்திப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

இதைச் சட்டமே சொல்லியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14வது பிரிவு தூசியையும் புகையையும் பற்றியது. தூசியை உறிஞ்சும் கருவி தேவைப்பட்டால், தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடியும் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இத்தனை குதிரைத் திறன் மோட்டார் போடு என்று சொல்லவில்லை. வாயைப் பக்கத்தில் கொண்டுபோ என்றது. சட்டம் எழுதியவர்களுக்குப் பாடம் தெரிந்திருக்கிறது.

தெரிந்தது எதனால் என்றால், பஞ்சுத் தூசியின் பாவக் கணக்கு பழசு. 1700லேயே இத்தாலியில் ராமாசினி என்ற மருத்துவர், தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய புத்தகத்தில், சணலும் ஆளிநாரும் சீவுகிறவர்களுக்கு வரும் இருமலையும் மூச்சுத் திணறலையும் எழுதிவைத்தார். பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். அதன் அடையாளம் விசித்திரமானது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கும். அடுத்தடுத்த நாளில் குறையும். மேல்நாட்டில் ஞாயிறு விடுமுறை என்பதால் திங்கட்கிழமை நோய் என்றே அதற்குப் பெயர். வருடக்கணக்கில் போனால் எல்லா நாளும் இறுக்கம்தான், பிறகு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலும் இந்த நோயின் பெயர் இருந்தது. அமெரிக்காவில் 1978ல் சட்டம் போட்டு, நூல் நூற்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்றார்கள். முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

என் அப்பா சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. "லீவு முடிஞ்சு போற அன்னிக்கு மட்டும் நெஞ்சைப் பிடிக்கும் தாயி. ரெண்டு நாள்ல பழகிரும்." பழகிவிடும் என்றே இருபத்தெட்டு வருடம் போனது. அவருக்கு ஆஸ்துமா மாத்திரை கொடுத்தார்கள். எங்கே வேலை பார்த்தீர்கள், என்றைக்கு அதிகமாகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நடத்திய மகள் நானும் கேட்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இனி வாட்ஸ் போட்டி எப்படி முடிந்தது என்ற கதை. மேல்நாட்டில் ஒரு கம்பெனி 1600 என்றால் அடுத்தது 2000 என்றது, அதற்கும் மேலே போனது. மக்களும் என்னைப் போலவே பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினார்கள். ஐரோப்பிய யூனியன் இதற்குக் கடிவாளம் போட்டது. 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்குக் குறைவாகத்தான் விற்கலாம், 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்குக் குறைவாகத்தான் விற்கலாம் என்று விதி. இனிமேல் வீடு சுத்தமாகாது என்று பிரிட்டனில் பத்திரிகைகள் புலம்பின, பலர் கடைக்கு ஓடிப் பெரிய வாட்ஸ் மிஷினை முன்கூட்டியே வாங்கி வைத்தார்கள்.

ஆனால் அந்த விதியில் வாட்ஸ் மட்டும் இல்லை. கம்பளத்தில் குறைந்தது 75 சதவீதம், இடுக்கு உள்ள கெட்டித் தரையில் குறைந்தது 98 சதவீதம் தூசி எடுக்க வேண்டும், பின்பக்கம் வெளியே விடும் தூசி 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் 2017க்கான விதி சொன்னது. கம்பெனிகள் என்ன செய்தன? மோட்டாரைப் பெரிதாக்க வழியில்லாததால் விசிறியின் இதழையும், குழாயின் வளைவையும், தரை முனையையும் திருத்தின. வீடுகள் அழுக்காகிவிடவில்லை. அந்த விதியோடு வந்த மின்சார லேபிளுக்கு மட்டும் ஒரு வழக்கு வந்தது. பை காலியாக இருக்கும்போது சோதித்து மார்க் போடுகிறீர்கள், வீட்டில் பை நிறைந்துகொண்டே அல்லவா வரும் என்று டைசன் கம்பெனி கேட்டது. 2018 நவம்பரில் நீதிமன்றம் அது நியாயம்தான் என்று லேபிளை ரத்து செய்தது. வாட்ஸ் வரம்பு மட்டும் நின்றது.

காலிப் பை, நிறைந்த பை என்று படித்தபோதுதான் 1994ல் எங்கள் வீட்டில் நடந்தது எனக்கு முழுதாக விளங்கியது. அன்று நான் செய்தவை மூன்று தப்பு.

முதல் தப்பு, மிதிக்கட்டை கம்பளப் பக்கம் மிதித்திருந்தது. மயிர் மேலே ஏறியிருக்க, தட்டை முனை மேடுபள்ளமான சிமெண்டுத் தரையில் உரசியது. மணலை முன்னால் தள்ளியது, பள்ளத்தில் இருந்த பொடியைத் தொடவே இல்லை.

இரண்டாவது, எங்கள் கரிசல் தூசி. கரிசல் மண்ணில் களி அதிகம். களித் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பொடி என்று பாருங்கள். அது துணிப் பையின் கண்களைச் சீக்கிரம் அடைத்துவிட்டது. காற்றோட்டம் இறங்கியது, சத்தம் ஏறியது. நான் சத்தத்தைப் பார்த்து நன்றாக இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. துணிப் பையில் அடைபடாத மிக மெல்லிய தூசி பின்பக்கமாக வெளியே வந்தது. தரையில் சும்மா படுத்திருந்த தூசியை எடுத்து, 1000 வாட் மோட்டாரை வைத்து, அப்பாவின் மூக்கு உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டேன். பூத் உறிஞ்சினாரே, அந்தக் கைக்குட்டை என் மிஷினில் சரியாக இல்லை. அப்பா கார்டிங் மாதிரி இருக்கிறது என்று சொன்னது உவமை இல்லை, உண்மை.

எனவே, போன் செய்த தம்பிக்கும், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் என் பதில் இதோ.

வாட்ஸைப் பார்த்து வாங்காதே. கெட்டித் தரையுள்ள நம் வீட்டுக்கு 1200 தாராளம். தூசி நம் தரையின் மேலேதான் கிடக்கிறது, கம்பளத்துக்குள் புதைந்து இல்லை. இப்போது வாட்ஸ் போய்ப் பாஸ்கல் என்று ஒரு பெரிய எண் பெட்டிகளில் வருகிறது. அது பெரும்பாலும் குழாய் வாயை அடைத்து எடுக்கும் அளவு. இரும்புக் குண்டு தூக்குகிற அதே வித்தை, ஏமாறாதே.

மிச்சப் பணத்தை வடிகட்டிக்குக் கொடு. ஹெபா வடிகட்டி உள்ளதாகப் பார். நல்ல ஹெபா 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வடிகட்டி இருந்தால் போதாது, ஓரத்தில் காற்று கசியாமல் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்றும் பார். மூச்சுத் தொந்தரவு உள்ள வீட்டில் எவ்வளவு இழுக்கிறது என்பதைவிட, பின்னால் என்ன விடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மூன்றாவது, முனை. மயிர் இறங்கும் தரை முனை, மெத்தை முனை, இடுக்கு முனை மூன்றும் இருக்க வேண்டும். கடையில் அதைத் தரையில் வைத்துப் பார். நான்கு பக்கமும் சமமாக உட்கார வேண்டும். கையில் பிடித்தால் அம்மாவுக்குப் பாரமாக இருக்கக் கூடாது. மெதுவாக இழுக்கச் சொல். வேகமாகத் தேய்த்தால் காற்று வேலை செய்ய நேரம் கிடைக்காது.

பை பாதி நிறைந்ததுமே மாற்ற வேண்டும். அந்த வேலையை அம்மா செய்யக் கூடாது. நீயோ வேறு யாரோ, வாசலுக்குக் கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மிஷின் வரும் வரை, காய்ந்த தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கட்டும். நம் பாட்டிமார் வாசலில் தண்ணீர் தெளித்த பிறகு பெருக்கினார்களே, தூசி எழும்பக் கூடாது என்ற புத்தி அதில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அம்மாவை நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ. இருபது வருடம் மில்லில் இருந்தார் என்பதை நீயே முதலில் சொல். விடுமுறை முடிந்து போகும் நாளில் நெஞ்சு இறுகியதா என்று அம்மாவிடம் கேட்டு அதையும் சொல். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை செய்யச் சொல். நான் என் அப்பாவுக்குச் செய்யத் தவறியது அதுதான். மிஷின் அதற்குப் பிறகு போதும்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் இன்றைக்கும் மில்லில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், சூப்பர்வைசராக இருப்பவர்களும் உண்டு. நாளை வேலைக்குப் போகும்போது மேலே ஓடும் கிளீனரின் குழாய் அடி கிழிந்திருக்கிறதா, தரைக்கு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லாத வேலை அது.

உங்கள் வீட்டில் மில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், இருமல் பற்றி அவர்கள் சொன்னது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்